யாரும் வாங்காத காளான்

அந்த வருஷம் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. ஜூலை பிறப்பதற்குள் மலிஞ்சே மலையின் பைன் காட்டில் பூசணிப்பூக் காளான் கிளம்பிவிட்டது. மஞ்சள்கரு நிறத்தில், வெள்ளை முட்டை ஒன்றை உடைத்துக்கொண்டு வெளியே வருகிற மாதிரி முளைக்கும். எங்கள் பக்கத்தில் அதற்குத்தான் கிராக்கி. மற்ற வருஷமாக இருந்தால் சனிக்கிழமைச் சந்தையில் தொமித்திலா கூடையை இறக்கி வைப்பதற்குள் நாலு பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அந்த ஆகஸ்டில் ஒருவரும் நிற்கவில்லை.

தொமித்திலா வழக்கம்போல ஓலைப்பாயை விரித்து, பெரணி இலையைப் பரப்பி, காளானைக் கூறு கூறாக வைத்திருந்தாள். ஒரு பக்கம் பூசணிப்பூ, ஒரு பக்கம் குட்டை ஆணிக்காளான், நடுவில் பன்ரொட்டி மாதிரி உப்பிய பழுப்புக் காளான். பக்கத்தில் ஒரு கரியடுப்பு. அதில் அதே காளானை மிளகாயும் எபசோத்தேக் கீரையும் போட்டுக் கொதிக்க வைத்து, ஆட்கள் பார்க்கப் பார்க்கக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தாள். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "பாத்துக்குங்க, நானே திங்கிறேன்" என்றாள்.

"அவ வயித்துக்கு விஷமெல்லாம் பழகிப்போச்சு. அவளுக்கு ஒண்ணும் ஆகாது" என்று யாரோ சொன்னார்கள்.

எதிரே பன்றிக்கறிக் கடை போட்டிருந்த ரோமுலோ கத்தியைத் தீட்டிக்கொண்டே கூவினான்: "தொமி அக்கா, ஒரு கூறு கட்டு. ஊர்லேருந்து மாமியா வந்திருக்கா."

சந்தையே சிரித்தது. நாங்களும்தான் சிரித்தோம். தொமித்திலா இரண்டாவது கிண்ணம் ஊற்றிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். அடுத்த ஊரில் நெமேசியோ என்று ஒருவன், ஆடு வைத்திருந்தவன், ஜூலைக் கடைசியில் காளான் குழம்பு சாப்பிட்டு இறந்துபோனான். அவனுடைய மகளும் மகனும் அவனுக்கு முன்பே போய்விட்டார்கள். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. மனைவி மட்டும் பிழைத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் நெமேசியோவின் அம்மா ரெஃபூகியோவிடம், காளான் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். "சந்தையிலே வாங்கினது" என்று அவள் சொல்லிவிட்டாள்.

எங்கள் சந்தையில் காட்டுக்காளான் விற்பவர்கள் இரண்டே பேர். தொமித்திலா ஒருத்தி, எர்மெலிந்தா ஒருத்தி. தொமித்திலாவின் மகனுக்கு ஞானஸ்நானத்தில் தாயாக நின்றவள் எர்மெலிந்தா. அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். சேர்ந்தே காட்டுக்குப் போய், சேர்ந்தே கூடை சுமந்து வந்து, பக்கத்தில் பக்கத்தில் பாய் விரிப்பார்கள். ஆனால் சாவுக்கு முந்தின சனிக்கிழமை எர்மெலிந்தாவுக்கு முட்டி வலி. அவள் சந்தைக்கே வரவில்லை. இதை அவள் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

அடுத்த வாரம் எர்மெலிந்தா கறிக்கு ஆகிற சப்பாத்திக் கள்ளி மடலும் அவரையும் கொண்டுவந்து, சந்தையின் மறுமுனையில், கோயில் சுவர் ஓரமாகக் கடை போட்டாள். தொமித்திலா எழுந்து அங்கே போனாள்.

"என்ன கொமாத்ரே, இடத்தை மாத்திட்ட?"

"அங்க வெயில் அடிக்குது கொமாத்ரே."

"முப்பது வருஷமா அடிக்காத வெயிலா?"

எர்மெலிந்தா கள்ளி முள்ளைச் சீவிக்கொண்டே இருந்தாள். "எனக்கும் பேரப்புள்ளைங்க இருக்குது. நீ கோவிச்சுக்கக் கூடாது."

"நான் குடுத்திருப்பேன்னு நெனைக்கிறியா?"

"நான் ஒண்ணும் நெனைக்கல. கண்ணு யாருக்கும் ஒருநாள் தப்பும். அவ்வளவுதான்."

தொமித்திலா திரும்பித் தன் பாய்க்கு வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு பாய் அகலத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது. வெகுநாள் அதில் யாரும் கடை போடவில்லை.

அவள் வீட்டுக்காரர் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகன் அபுந்தியோ வடக்கே, சிகாகோவில், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறான். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணுவான். அந்த ஞாயிறும் பண்ணினான்.

"அம்மா, மழையெல்லாம் எப்படி?"

"நல்ல மழை."

கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசினான். பிறகு, "அம்மா, இங்க நம்மூர்ப் பசங்க ஏதேதோ பேசிக்கிறாங்க. நெசமாவே உன்கிட்ட வாங்கினதா?" என்றான்.

"அவனுங்க கேக்குறானுங்களா, நீ கேக்குறியா?"

அந்தப் பக்கம் தட்டுகள் மோதுகிற சத்தம் கேட்டது.

"கொஞ்ச நாளைக்குக் காட்டுக்குப் போகாதம்மா" என்றான்.

ஃபோனை வைத்த பிறகு அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஊர் சொன்னது ஒரு பக்கம். அவளை அரித்தது வேறு. அந்தச் சனிக்கிழமை நீலத் தொப்பி போட்ட ஒருவன் அவளிடம் ஒரு கூறு வாங்கிக்கொண்டு போனது ஞாபகம் இருந்தது. முகம் ஞாபகம் இல்லை. அவன் நெமேசியோவாக இருக்குமோ? அந்தக் கூறில் வெள்ளையாக ஏதாவது கலந்திருந்ததோ? கூட்ட நேரத்தில் கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். கண் தப்பும் என்று எர்மெலிந்தா சொன்னாளே.

அதன் பிறகு காட்டிலிருந்து கொண்டுவந்ததை வீட்டுத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். முன்பெல்லாம் அவள் பார்ப்பதே கிடையாது. விரல் தொட்டாலே தெரிந்துவிடும். இப்போது வெளிச்சத்தில் பிடித்தாள், மோந்தாள், அடித்தண்டைக் கீறினாள். சிறுவயதிலிருந்து தின்ற காளானே புதிதாகத் தெரிந்தது. சந்தேகம் வந்ததையெல்லாம் குப்பையில் போட்டாள். பாதிக் கூடை குப்பைக்குப் போனது. மீதியைச் சந்தைக்குச் சுமந்தாள், விற்காமல் திரும்பச் சுமந்து வந்தாள். வெயிலில் காயப்போட இடமில்லாமல் கூரையெல்லாம் காளான் கிடந்தது.

ஆனாலும் காட்டுக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. போகாவிட்டால் ஊர் சொல்வதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியிருக்கலாம். சுகாதார வேன் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு, காட்டுக்காளானைத் தின்னாதீர்கள் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. அது அவள் வீட்டு முன்னால் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போனது போல அவளுக்குப் பட்டது.

ஒரு சனிக்கிழமை, கடைகளைக் கட்டுகிற நேரத்தில், கறுப்புச் சால்வை போர்த்திய ஒரு பெண் வந்து பாய்க்கு முன்னால் நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. காளான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"என்ன வேணும் தங்கம்?" என்றாள் தொமித்திலா. அந்தச் சாவுக்குப் பிறகு அவள் அப்படிக் கேட்கிற முதல் ஆள்.

"நான் நெமேசியோ பொண்டாட்டி. செனாய்தா."

தொமித்திலா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அடிக்கிறதுன்னா அடிச்சுக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அடிக்க வரல, அத்தை."

"பின்ன?"

"அது எப்படி இருக்கும்னு எனக்குக் காட்டுவீங்களா? நான் சரியாப் பாக்கல."

திங்கட்கிழமை காலையில் இருவரும் மலையேறினார்கள். பைன் காட்டைத் தாண்டி, ஓடை இறங்கி, கருவாலி மரங்கள் நிற்கிற சரிவுக்கு வந்தார்கள். மழை விட்டு மரம் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. தொமித்திலா அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு வேரடியில், சருகுக்கு நடுவில், அது நின்றது. பால் வெள்ளை. ஒரு அழுக்கு இல்லை, ஒரு புழு துளைத்த ஓட்டை இல்லை. தண்டில் மெல்லிய பாவாடை மாதிரி ஒரு வளையம்.

"இதுவா?" என்றாள் செனாய்தா. "கோயில்ல வைக்கிற பூ மாதிரி இருக்கு."

தொமித்திலா குந்தி உட்கார்ந்து, விரலை மண்ணுக்குள் விட்டு, அடியோடு தூக்கினாள். அடியில் கிழிந்த பை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. "இந்தப் பையைத்தான் பாக்கணும். கத்தியால அறுத்தா இது மண்ணுக்குள்ளயே நின்னுடும். மேல தெரியிறது வயக்காட்டு வெள்ளைக் காளான் மாதிரியேதான் இருக்கும். குஞ்சா இருக்கும்போது எனக்கே சட்டுனு தெரியாது. குடைக்கு அடியில இருக்கிற மடலைத் திருப்பிப் பாரு. வயக்காட்டுது ரோஸ் நிறமா இருக்கும். இது கடைசி வரைக்கும் வெள்ளை."

"விஷமா இருந்தா கூடப் போட்ட பூண்டு கருத்துடும்னு சொல்வாங்களே?"

"கருக்காது. அதெல்லாம் பொய்."

செனாய்தா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். தொமித்திலா ஓடைப்பக்கம் போய், ஒரு பூசணிப்பூக் கூட்டத்தைப் பார்த்து நாலைந்தைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பினாள். செனாய்தா வேரில் உட்கார்ந்திருந்தாள். கை காலியாக இருந்தது. தரையிலும் இல்லை.

"அது எங்க?"

"போட்டுட்டேன்."

"எங்க போட்ட?"

செனாய்தா ஏப்ரன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏப்ரன் பையைத் திருப்பு."

"எதுக்கு அத்தை?"

"திருப்புடி!"

பையில் அது கைக்குட்டையில் சுற்றி இருந்தது. தொமித்திலா அதைப் பிடுங்கி, குழி தோண்டிப் புதைத்து, மேலே கல்லைப் போட்டாள். "வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன பண்ணப் போற?"

"தெரியல" என்றாள் செனாய்தா. "நெசமாவே தெரியல. கூட வச்சுக்கணும்னு தோணுச்சு."

இருவரும் ஓடையில் கையைக் கழுவிக்கொண்டார்கள். தொமித்திலா அவளுடைய விரல்களைத் தானே பிடித்து, நகக்கண் வரை தேய்த்துக் கழுவினாள். அப்போதுதான் செனாய்தா சொன்னாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

"உங்ககிட்ட வாங்கல. அவர் எப்பவும் வாங்க மாட்டாரு. மலை சும்மா குடுக்குறதுக்கு எதுக்குக் காசுன்னுவாரு. வியாழக்கிழமை ஆட்டை ஓட்டிட்டு வரும்போது தொப்பி நிறைய கொண்டுவந்தாரு. கத்தியால சுத்தமா அறுத்து, மண்ணே இல்லாம. நான் பூண்டு போட்டு ஆக்கினேன். கருக்கல. மாமியார் அன்னிக்கு அவங்க பெரிய மகன் வீட்டுல இருந்தாங்க. எல்லாருக்கும் ஊத்தினேன். சின்னவன் பாஸ்குவால் இன்னும் வேணும்னான். எனக்குன்னு வச்சிருந்ததை அவனுக்குப் போட்டேன். நான் உப்பும் மிளகாயும் வச்சு ரொட்டி தின்னேன்."

தொமித்திலா அவளுடைய விரல்களை விடவில்லை.

"விடியக்காலையில வாந்தி. மூணு பேருக்கும். நாள் பூரா. மறுநாள் சரியாயிடுச்சு அத்தை. எழுந்து உக்காந்தாங்க. பொண்ணு வாசல்ல போய்ப் பாட்டுப் பாடினா. ஆஸ்பத்திரிக்குப் போகணுமான்னு அவர் கேட்டாரு. இனிமே எதுக்குன்னு நான்தான் சொன்னேன்."

"அந்த நாள் அப்படித்தான் இருக்கும்" என்றாள் தொமித்திலா. "எல்லாரையும் ஏமாத்தும்."

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. நீலத் தொப்பிக்காரன் யாரோ, நெமேசியோ இல்லை. தன் கண் தப்பவில்லை. அந்த நிம்மதி வந்த உடனே, இந்தப் பெண்ணின் முன்னால் அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பின்னால் கோபம் வந்தது.

"இதை ஏன்டி முன்னாடியே சொல்லல? என்னை நாயை விடக் கேவலமாப் பாக்குறாங்க. என் மகனே கேக்குறான்."

"என் மகன் தன் புள்ளைங்களைத் தானே கொன்னான்னு ஊர் பேசக்கூடாதுன்னு மாமியார் சொல்லிட்டாங்க. வாயைத் திறந்தா வீட்டுல இடமில்லன்னாங்க. எனக்கு வேற எங்க இடம்?"

தொமித்திலா கூடையிலிருந்து துணி மூட்டையை எடுத்தாள். மசித்த அவரையைத் தடவி மடித்த சோளரொட்டி. பாதியைப் பிய்த்து நீட்டினாள். செனாய்தா வாங்கிக்கொண்டாள். காட்டில் இரண்டு பேரும் ஈர வேரில் உட்கார்ந்து அதைத் தின்றார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் செனாய்தா வந்தாள். வீட்டில் விறகுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருவாள். காளானைத் தொட மாட்டாள். தொமித்திலாவின் பின்னாலேயே நடப்பாள். ஒருநாள் தன் மகள் ஆட்டுக்குட்டிக்கு வைத்த பேரைச் சொல்லிச் சிரித்தாள், சிரித்த பிறகு மலை இறங்குகிற வரைக்கும் அழுதாள். தொமித்திலாவுக்குச் சனிக்கிழமை எப்படிப் போனாலும் திங்கட்கிழமை ஒன்று இருந்தது. ஒரு ரொட்டி கூடுதலாகச் சுட்டு மூட்டையில் வைப்பாள்.

இது இப்படியே போயிருக்கும். செப்டம்பரில் ஒரு காலை, சோளம் அரைக்கிற மில்லில் அவள் வாளியோடு வரிசையில் நின்றபோது, எர்மெலிந்தா பக்கத்தில் வந்தாள். ஒரு பத்துப் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கொமாத்ரே, உன் நல்லதுக்குச் சொல்றேன். மகன்கிட்ட சொல்லி வடக்கே போயிடு. இங்க இருந்து யாரு முகத்துல முழிக்கப் போற?"

"ஏன், என் முகத்துக்கு என்ன?"

"ரெண்டு பச்சப் புள்ளைங்க கொமாத்ரே. ஒரு ஜெபமாவது சொல்லி வச்சியா?"

தொமித்திலா வாளியைக் கீழே வைத்தாள். "அவனே பறிச்சது! தொப்பியில போட்டுக் கொண்டுவந்து குடுத்தான். அவன் பொண்டாட்டியே என்கிட்ட சொன்னா!"

மில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"செத்தவன் வந்து இல்லன்னா சொல்லப்போறான்?" என்றாள் எர்மெலிந்தா. "பழியை நல்ல ஆளு மேல போட்ட."

அரைத்த மாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற வழியிலேயே தொமித்திலாவுக்குச் செனாய்தாவின் ஞாபகம் வந்தது. சொன்ன வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பது? அந்தத் திங்கட்கிழமை செனாய்தா வரவில்லை. தொமித்திலா கருவாலிச் சரிவில் நடுப்பகல் வரை காத்திருந்தாள்.

சனிக்கிழமை வந்தார்கள். நெமேசியோவின் அண்ணன் கிறிஸ்பின் முன்னால், அம்மா ரெஃபூகியோ பின்னால், இருவருக்கும் பின்னால் செனாய்தா. கிறிஸ்பின் வந்த வேகத்தில் கூடையை எட்டி உதைத்தான். பூசணிப்பூக்கள் கறிக்கடை வரைக்கும் உருண்டன.

"விஷத்தையும் வித்துட்டு, என் தம்பி பேரையும் கெடுக்குறியா?"

"குரலை இறக்கிப் பேசு தம்பி."

"யாருடி உனக்குத் தம்பி?" அவன் திரும்பினான். "செனாய்தா, இங்க வா. இவ்வளவு பேரும் கேக்கட்டும். காளான் எங்க வாங்கினது?"

சந்தையே கூடிவிட்டது. எர்மெலிந்தாவும் கள்ளிக் கத்தியோடு வந்து நின்றாள். செனாய்தா தரையில் சிதறிக் கிடந்த காளான்களைப் பார்த்தாள். தொமித்திலாவைப் பார்க்கவில்லை. தொமித்திலா லேசாகத் தலையை ஆட்டினாள்: வேண்டாம், வாங்கினதென்றே சொல்லிவிடு. அவள் மனதார அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அதை அந்தப் பெண் பார்க்கவில்லை.

"வாங்கல" என்றாள் செனாய்தா. "அவர் பறிச்சுட்டு வந்தாரு. நான் ஆக்கினேன். நான்தான் தட்டுல போட்டேன்."

ரெஃபூகியோ அவளை ஓங்கி அறைந்தாள். சால்வை நழுவி விழுந்தது. பிறகு அந்தக் கிழவி மார்பில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து கதறினாள். கிறிஸ்பின் அம்மாவைத் தூக்கி, கையைப் பிடித்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். செனாய்தாவை அவன் கூப்பிடவில்லை.

அவள் நடுவில் நின்றாள். யாரும் பக்கத்தில் போகவில்லை. தொமித்திலா சால்வையை எடுத்து உதறி அவள் தோளில் போட்டாள்.

"போதுமா அத்தை?" என்று கேட்டாள் செனாய்தா.

குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. தொமித்திலா வாயைத் திறப்பதற்குள் செனாய்தா நடந்துவிட்டாள்.

ரோமுலோவின் மனைவிதான் முதலில் வந்தாள். உருண்டு வந்த பூசணிப்பூக்களை ஏப்ரனில் பொறுக்கிக்கொண்டு வந்து கொட்டி, "இது எப்படி தொமி? இன்னிக்கு நல்ல பெருசா இருக்கே" என்றாள். அடுத்து இன்னொருத்தி. அப்புறம் வரிசை. மண் ஒட்டியதைக்கூட விடவில்லை, கழுவிக்கொள்கிறோம் என்றார்கள். இரண்டு மாத ஆசை. எர்மெலிந்தா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் அப்பவே நெனச்சேன் கொமாத்ரே. உன் கை தப்பாது. கொஞ்சம் நகரு."

தொமித்திலா நகர்ந்து கொடுத்தாள்.

சரக்கு தீர்ந்ததும் அடுப்பைக்கூட அணைக்காமல் அவள் அடுத்த ஊருக்கு நடந்தாள். ரெஃபூகியோவின் வீடு சாத்தியிருந்தது. தட்டினாள், யாரும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "அவளா? ஒரு மூட்டையைத் தூக்கிட்டு புவேப்லா டவுனுக்குப் போற வேன்ல ஏறிட்டா. மதியமே போயாச்சு" என்றாள்.

"புவேப்லாவுல எங்க?"

"யாருக்குத் தெரியும்?"

அக்டோபரில் உறைபனி விழுந்து காட்டில் காளான் அடங்கியது. புவேப்லா வேன் ஓட்டுகிறவன்தான் ஒருநாள் சொன்னான்: பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ரொட்டிக்கடையில் செனாய்தாவைப் பார்த்தேன் என்று. தொமித்திலா மறுநாளே போனாள்.

கடை சின்னது. மெஷினிலிருந்து சோளரொட்டி வரிசையாக வந்து விழுந்தது. அதை அடுக்கி, எடை போட்டு, காகிதத்தில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் செனாய்தா. தலையில் வலைத்தொப்பி. சூட்டில் முகம் சிவந்திருந்தது. பார்த்ததும் இன்னொரு பெண்ணை நிற்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். இருவரும் நடைபாதையில் நின்றார்கள்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன். மாடியில ரூம். கடைக்காரங்க நல்லவங்க."

"மில்லுல நான்தான் வாயைவிட்டேன். எர்மெலிந்தா கிளறிவிட்டா, கோவத்துல கொட்டிட்டேன்."

"தெரியும்."

"மன்னிச்சுக்கோன்னு சொல்லத்தான் வந்தேன்."

"நீங்க சொல்லாட்டியும் என்னிக்காவது நான் சொல்லியிருப்பேன்" என்றாள் செனாய்தா. கொஞ்சம் யோசித்து, "சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ" என்றாள்.

பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. தொமித்திலா, தான் கொண்டுவந்த பையை நீட்டினாள். பேரிக்காயும் புதுப் பாலாடைக்கட்டியும் இருந்தன. செனாய்தா உள்ளே பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

"திரும்ப வரலாமில்ல? என் வீட்டுல இடம் இருக்கு. நான் ஒருத்திதான்."

செனாய்தா வேண்டாமென்று தலையை ஆட்டினாள். "இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது அத்தை. புருஷன் வடக்கே போயிருக்காருன்னு சொல்லியிருக்கேன்."

"புள்ளைங்க?"

"இல்லன்னு சொல்லிட்டேன்."

உள்ளேயிருந்து கடைக்காரி கூப்பிட்டாள். செனாய்தா வலைத்தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். ஓரடி எடுத்து வைத்தவள் நின்றாள்.

"இனிமே வராதீங்க அத்தை. கோவம் இல்ல. உங்களப் பாத்தா இன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது. அதான்."

"சரி தங்கம்."

செனாய்தா உள்ளே ஓடிப்போய், சூடு ரொட்டி ஒரு கட்டு எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். பிறகு மெஷினுக்குத் திரும்பிவிட்டாள். வரிசை நீண்டிருந்தது. தொமித்திலா கொஞ்ச நேரம் நடைபாதையில் நின்று பார்த்தாள். செனாய்தா நிமிரவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ரொட்டிக்கட்டு மடியில் சூடாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள், ஊர் எது என்று கேட்டான், சொன்னாள். வீடு வந்து சேரும்போது கட்டு ஆறிப்போயிருந்தது.

எர்மெலிந்தா வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். "பாத்தியா அவளை?"

"ஆளைக் கண்டுபிடிக்க முடியல" என்றாள் தொமித்திலா.

"அது சரி, அவ்வளவு பெரிய ஊரு." எர்மெலிந்தா பெருமூச்சு விட்டாள். "பனி சீக்கிரம் போயிட்டா மேல் சரிவுல கடைசியா கொஞ்சம் ஆணிக்காளான் இருக்கும்னு சொல்றாங்க. காலையில கூப்பிடட்டுமா கொமாத்ரே?"

"நீ மேல் சரிவுக்குப் போ" என்றாள் தொமித்திலா. "நான் வேற பக்கம் போறேன்."

மறுநாள் காலை எர்மெலிந்தா போகிற சத்தம் கேட்கும் வரை இருந்துவிட்டு, அவள் கூடையை எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கமாக, கருவாலிச் சரிவை நோக்கித் தனியே நடந்தாள்.